நன்றியுரையில் மட்டும் வந்த பெண்கள்: டர்பனில் ஒரு சபையின் இசை வரலாற்றை எழுதியபோது நடந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு தமிழ்ச் சபையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். சபையின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று எல்லாரும் பேசித்தான் முடிவு செய்தோம், ஏனென்றால் இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ மொரீஷியஸிலோ இதே வேலையை யாராவது தொடங்கினால் நாங்கள் விட்ட இடங்களை அவர்கள் விடக்கூடாது. அதற்காகத்தான் நல்லதையும் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

சபைக்கு 75 ஆண்டு நிறைவு வந்தது. டர்பனின் கிளேர்வுட் பகுதியில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கிய சபை அது. இனம் பிரித்து யார் எங்கே வாழலாம் என்று சொன்ன 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பன் இந்தியர்கள் இருந்த இடத்தை விட்டுத் துரத்தப்பட்டபோது, குடும்பங்களோடு சேர்ந்து சபையும் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்துவிட்டது. நிறைவு விழாவுக்கு ஒரு மலர், மண்டபத்தில் ஒரு படக் கண்காட்சி, ஒரு பாட்டுக் கச்சேரி என்று குழு தீர்மானித்தது. தலைப்பு ‘டர்பனில் தமிழ் இசை’. வேலையை மூன்று பேரிடம் கொடுத்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, எங்களுக்கெல்லாம் டீச்சரம்மா. இன்னொருவர் சபையின் பழைய கணக்கர், அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மூன்றாவது ஆள் நான். கையில் எட்டு மாதம் இருந்தது.

எங்களிடம் இருந்ததும் கொஞ்சம் இல்லை: கூட்டக் குறிப்பு எழுதிய மினிட் புத்தகங்கள், நாளிதழ்த் துண்டுகள், ஒரு பெட்டி நிறையப் படங்கள். ஆறே வாரத்தில் முதல் வரைவு தயாராகிவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 342 ஒப்பந்தக் கூலிகளோடு துறைமுகத்துக்கு வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துத் தெருக்கூத்து, மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் நகராட்சித் தொழிலாளிகள் போட்ட நாடகம், கோட் சூட் போட்ட ஆர்கெஸ்ட்ராக்கள், 1983-இல் இந்தியர்களுக்காக வந்த ரேடியோ லோட்டஸ் வானொலி என்று ஒழுங்காகவே போனது. எங்களுக்கும் திருப்திதான்.

முதல் வரைவில் டீச்சரம்மா கண்டது

வரைவை வீட்டுக்கு எடுத்துப்போன டீச்சரம்மா மறுநாள் காலையிலேயே போன் செய்தார். ‘தம்பி, நாற்பது பக்கத்தில் பெண் முகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கு. அதுவும் வள்ளியம்மை’ என்றார். உண்மைதான். காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22-இல், பதினாறே வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையின் படத்தை நாங்கள் மரியாதைக்காகச் சேர்த்திருந்தோம். பாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண் மட்டும் இசை வரலாற்றில் இருக்கிறார், பாடிய பெண் ஒருவர்கூட இல்லை.

அதற்கப்புறம் மினிட் புத்தகங்களை மறுபடி எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். பெண்கள் வராமல் இல்லை, வருகிறார்கள், ஒரே ஓர் இடத்தில். ஒவ்வொரு விழாக் குறிப்பின் கடைசியிலும் ‘தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் லேடீஸுக்கு நன்றி’ என்று ஒரு வரி. முதல் இருபது வருடத்துக் குறிப்பில் ஒரு பெண்ணின் சொந்தப் பெயர்கூட எங்கள் கண்ணில் படவில்லை. எங்காவது பெயர் வந்தால் அது கணவரின் பெயருக்கு முன்னால் ‘மிஸஸ்’ போட்டது.

என்னை ரொம்பத் தொந்தரவு செய்த விஷயம் வேறு. சில வருடம் முன்னால் என் குடும்ப வேர் தேடி, வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குப் போயிருந்தேன். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், அவளுடைய சொந்தப் பெயர், அப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு வரை எழுதியிருப்பார்கள். கூலி ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அதையெல்லாம் வெள்ளைக்காரன் எழுதினான், அன்பினால் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் என் கொள்ளுப்பாட்டிக்குப் பெயர் இருக்கிறது. நூறு வருடம் கழித்து நம் ஆட்களே நம் சபைக்காக எழுதிய புத்தகத்தில் அவள் பேத்திக்குப் பெயர் இல்லை.

குழுக் கூட்டத்தில் நடந்தது

நேரம் கேட்டு நிர்வாகக் குழுவிடம் போனோம். பாதிப் பேர் சரி என்றார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், ‘அந்தக் காலத்தில் பெண்கள் மேடையில் பாடவே இல்லையே, இல்லாததை எப்படி எழுதுவது?’ என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. கூத்தில் திரௌபதி வேஷம்கூட ஆண்தான் கட்டினார், ஆர்கெஸ்ட்ராவில் பெண் குரலுக்குப் பெரும்பாலும் பையன்கள்தான் பாடினார்கள்.

டீச்சரம்மா அப்போது நாகரத்தினம்மாளைப் பற்றிச் சொன்னார். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பி 1925-இல் குடமுழுக்கு நடத்தியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே இடத்து ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் தனியாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாட வைத்தார், எல்லாரும் ஒன்றாகச் சேர 1940 வரை ஆனது. ‘அங்கே மேடையில் யார் இருந்தார்கள் என்று மட்டும் பார்த்தால் அந்த அம்மா தெரியவே மாட்டார். அந்த இடத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று பாருங்கள், அப்போது தெரிவார்’ என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள், விழாவும் தள்ளிப்போனது.

கேள்வியை மாற்றினோம்

எங்கள் முதல் பெரிய முடிவு இதுதான். ‘நீங்கள் பாடினீர்களா ஆயா?’ என்று கேட்டால் எல்லா ஆயாவும் ‘ஐயோ, நான் எங்கப்பா பாடினேன்’ என்பார்கள். முதல் நான்கு வீட்டில் இதே பதில். எனவே வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தோம். ஒத்திகை எந்த வீட்டில் நடந்தது? ஹார்மோனியம் யார் வாங்கினார்கள்? பாட்டை யார் எழுதி வைத்தார்கள்? வெளியூர்ப் பாட்டுக்காரர் வந்தால் எங்கே படுத்தார், யார் சோறு போட்டது? இப்படிக் கேட்டதும் கதவு திறந்துகொண்டது. மூன்று மணி நேரம் பேசியும் முடியாத வீடுகள் உண்டு.

அதில் எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்டது சினிமாப் பாட்டு விஷயம். 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்தியது. இனவெறிச் சட்டங்களுக்கு எதிரான நல்ல காரியம்தான், ஆனால் இங்கே இருந்த நம்மவர்களுக்கு கிராமபோன் தட்டு, பாட்டுப் புத்தகம், கருவி எல்லாமே கிடைப்பது கஷ்டமானது. படங்கள் மட்டும் எப்படியோ வந்து கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்துத் தியேட்டர்களில் ஓடின. தட்டு இல்லாமல் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பாட்டை எப்படிப் பிடித்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

தொண்ணூறு வயதை நெருங்கும் ஓர் ஆயா சொன்னார். அவரும் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போவார்கள். போகும்போதே பங்கு பிரித்துக்கொள்வார்கள்: ஒருத்தி பல்லவி, ஒருத்தி முதல் சரணம், ஒருத்தி அடுத்த சரணம். இருட்டில் எழுத முடியாது, காதில்தான் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது வாயை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவார்கள், ஒருத்தி பேசினால் மற்றவளுக்கு மறந்துவிடும். வீட்டுக்கு வந்து தண்ணிகூடக் குடிக்காமல் நோட்டில் எழுதுவார்கள். தமிழ் எழுத்து தெரியாததால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டு. ராத்திரி அவர் அண்ணன் ஹார்மோனியத்தோடு உட்காருவார், இவர்கள் மெட்டைப் பாடிக் காட்டுவார்கள், அவர் கட்டையைத் தேடிப் பிடிப்பார். அடுத்த வாரக் கல்யாணத்தில் அண்ணன் மேடையில் பாடுவார். ‘நாங்க அடுப்பங்கரையில இருந்து கேட்போம், தப்பு விட்டா எங்களுக்குத் தெரியும்’ என்றார் ஆயா. எங்கள் முதல் வரைவில் அந்த அண்ணனுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தோம். நன்றாகப் பாடியவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் அவரிடம் வந்து சேர்ந்த வழி எங்கள் பக்கத்தில் இல்லை.

கணக்கு நோட்டு

இரண்டாவதாகக் கிடைத்தது எங்கள் கணக்கர் அண்ணனின் கண்டுபிடிப்பு. மாதர் பிரிவின் கணக்கு நோட்டு ஒன்று, ஒரு வீட்டுத் தையல் மெஷின் டிராயரில் இருந்தது. முறுக்கு விற்றது, மாங்காய் ஊறுகாய் விற்றது, கேக் விற்றது எல்லாம் அதில் இருக்கிறது. நிறையப் பக்கங்களில் தேதி இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் கணக்கு பவுன், ஷில்லிங்கிலிருந்து ரேண்டுக்கு மாறுகிறது. ரேண்ட் வந்தது 1961-இல், ஆகவே அந்தப் பக்கத்தை ஆணியாக வைத்து முன்னும் பின்னும் எண்ணி மற்றப் பக்கங்களுக்கு ஏறக்குறைய வருடம் சொல்ல முடிந்தது. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை, நியாயமான பெருமை.

அந்த நோட்டின்படி சபையின் முதல் ஹார்மோனியம், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றிய செலவு, ஒலிபெருக்கி வாடகை, ஐஸ்டெட்ஃபட் என்ற கலைப் போட்டிக்குப் போன பிள்ளைகளின் பஸ் காசு எல்லாமே முறுக்கு, ஊறுகாய்ப் பணம். மினிட் புத்தகத்தில் அதே ஹார்மோனியம் ‘சபை வாங்கியது’ என்று இருக்கிறது. சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் சாமான் ஏற்றிய நாளில் அந்த ஹார்மோனியத்தை இரண்டு ரஜாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஓர் அம்மா வந்தார் என்று அவர் மகள் சொன்னார். புது வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சின்ன அறைகள். மண்டபம் கட்டும் வரைக்கும் ஒத்திகை அந்த வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது, கட்டிலை வெளியே தூக்கி வைத்துவிட்டு. எத்தனை வருடம் என்று கேட்டதற்கு, ‘நான் ஸ்கூல் போகத் தொடங்கியதிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும்’ என்றார்.

இதைத் தவிர, மேடையே இல்லாத பாட்டு தனியாக இருந்தது: நலங்கு, லாலி, கும்மி, மாரியம்மன் கூழ் ஊற்றும்போது பாடும் தாலாட்டு, ஒப்பாரி. காவடிக்குப் பாடியவர்கள் பெயர் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. நலங்கு பாடியவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஒப்பந்த காலத்தில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதுதான் விதி. அவ்வளவு குறைவான பெண்களோடு தொடங்கிய ஊரில் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் தமிழில் பாட்டு இருந்தது என்றால் அதை யார் சுமந்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெயர் போடுவதில் எடுத்த முடிவுகள்

‘மிஸஸ்’ போட்ட பெயர்களை அப்படியே விடுவதில்லை, சொந்தப் பெயர் கிடைக்கும் வரை அந்தப் படத்தைப் போடுவதில்லை என்று முதலில் சொன்னோம். ஒரு மாதத்திலேயே அது நடக்காது என்று தெரிந்தது, சிலருக்கு வீட்டுப் பெயர் மட்டுமே பிள்ளைகளுக்குத் தெரியும். ‘எல்லாரும் பெரியாயா என்பார்கள், பள்ளிக்கூடம் போகவில்லை, எங்கேயும் பெயர் எழுதவில்லை’ என்றார்கள். அதனால் குடும்பம் எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே போட்டோம்.

ஒரு குடும்பம் வேண்டாம் என்று சொன்னது. அவர்கள் அம்மா கிளேர்வுட்டில் ஒரு நாடகத்தில் பாடியிருக்கிறார், படம்கூட இருந்தது. ஆனால் அதனால் அப்பா வீட்டில் பெரிய சண்டை, பல வருடம் பேச்சு வார்த்தை இல்லை. ‘அம்மா அதைப் பற்றிப் பேச விரும்பியதே இல்லை, நாங்களும் பேச வேண்டாம்’ என்றார் மகன். எனக்கு அந்தப் படத்தை விட மனசே இல்லை, எங்களிடம் இருந்ததிலேயே பழைய மேடைப் படம் அதுதான். டீச்சரம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: ‘அது அவங்க படம்.’ திருப்பிக் கொடுத்தோம், நகலும் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எங்கள் தவறுகள்

மூன்று தவறு. முதலாவது, ஒரு ஆயாவின் பாட்டு நோட்டை ஸ்கேன் எடுக்க வாங்கிப்போய் ஆறு வாரம் வைத்திருந்தேன். நடுவில் புரட்டாசி வந்தது. சனிக்கிழமை பஜனைக்கு அவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் பாடுவார் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கோபப்படவில்லை. ‘இந்த வருஷம் சும்மா கேட்டுட்டு இருந்தேன்’ என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது, படத்தில் பெயர் மாறியது. பழைய ஐஸ்டெட்ஃபட் படம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் பாட்டு டீச்சரின் பெயர் ‘மிஸஸ்’, ஓர் எழுத்து, குடும்பப் பெயர் என்று இருந்தது. விசாரித்து ஒருவர் பெயரைப் போட்டோம். அவர் ஓரகத்தியும் அதே ‘மிஸஸ்’, அதே எழுத்து, அதே குடும்பப் பெயர், ஏனென்றால் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இளையவர். கண்காட்சிக்கு முந்தின நாள் அவர் பேத்தி மண்டபத்துக்கு வந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள். நாங்கள் மூவரும் அன்று ராத்திரியே பழம், வெற்றிலை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பலகையை மாற்றி ஒட்டினோம், மலரில் அச்சாகிவிட்ட பக்கத்துக்கு மேல் திருத்தச் சீட்டு ஒட்டினோம், ஒவ்வொரு பிரதியிலும் கையால். ஒரே ஒருவரிடம் கேட்டு எழுதியதுதான் காரணம். படத்தில் இருந்த பிள்ளைகளில் மூன்று பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மூன்றாவதைச் சரி செய்யவே முடியாது. எண்பது தாண்டிய ஓர் அம்மாவிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்தோம். யார் வீட்டில் ஒத்திகை, யார் எவ்வளவு கொடுத்தார் என்று வரிசையாகச் சொன்னார். நலங்குப் பாட்டு பதினைந்துக்கு மேல் தெரியும் என்றார். நேரமாகிவிட்டது, பாட்டை அடுத்த வாரம் பாடுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், மாதம் முடிவதற்குள் காரியத்துக்குப் போனோம். பதிவில் அவர் குரல் இருக்கிறது, பாட்டு இல்லை. ஒரே ஓர் இடத்தில் ‘இப்படி ஆரம்பிக்கும்’ என்று சொல்லி ஒரு வரி முனகுகிறார். அந்த வரியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

என்ன ஆனது

மலர் வந்தது. நாற்பது பக்கம் அறுபது ஆனது. ஆர்கெஸ்ட்ரா ஆண்களின் பக்கங்களைக் குறைக்கவில்லை. அவர்கள் உழைப்பும் பெரிய உழைப்பு, பகலில் சர்க்கரை ஆலையிலும் துணி ஃபேக்டரியிலும் வேலை செய்துவிட்டு ராத்திரி வாசித்தவர்கள். மேடையில் பாடிய அந்த ஆயாவின் ‘அண்ணன்’ பக்கத்தில் இப்போது மூன்று பெண்களின் படமும் பாட்டு நோட்டின் ஒரு பக்கமும் இருக்கிறது. அவர் மகனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, அப்பாவைக் குறைத்துவிட்டோம் என்று நினைக்கிறார். இரண்டு தடவை பேசினோம், இன்னும் வருத்தம் போகவில்லை.

கண்காட்சிக்கு வந்தவர்கள் அதிக நேரம் நின்றது கணக்கு நோட்டுப் பலகைக்கு முன்னால். ‘இது எங்க ஆயா கையெழுத்து’ என்று இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள், அதனால் மேலும் இரண்டு பெயர் கிடைத்தது. கச்சேரியில் பெரிய வித்வான் யாரும் இல்லை. அரங்கிலிருந்த ஆயாக்கள் ஏழு பேர் மேடைக்கு வந்து, உட்கார்ந்தபடியே ஒரு லாலி பாடினார்கள். இருவருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் மேடை.

குழுவிடம் இரண்டு கோரிக்கை வைத்தோம். இனிமேல் மினிட் புத்தகத்தில் சமையல், நிதி, பயிற்சி எதுவானாலும் செய்தவரின் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்பது ஒன்று. அது உடனே நிறைவேறியது. மாதர் பிரிவுக்கு டிரஸ்டி குழுவில் இரண்டு இடம் வேண்டும் என்பது இன்னொன்று. அது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

மறுபடி செய்தால்

மினிட் புத்தகத்தில் தொடங்க மாட்டோம், சமையல்கட்டில் தொடங்குவோம். பதவியில் இருந்தவர்களைத்தான் மினிட் புத்தகம் எழுதி வைக்கும், அதை வைத்துக் கட்டிய வரலாற்றிலும் பதவிக்காரர்கள்தான் இருப்பார்கள். நோட்டையோ படத்தையோ வீட்டை விட்டு எடுத்துப்போக மாட்டோம், போனிலேயே அங்கேயே படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஒன்று போதும். எந்தப் பெயரையும் இரண்டு பேரிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டோம்.

அப்புறம், பாட்டு முதலில், கதை பிறகு. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் டீ வருவதற்கு முன்னாலேயே டீச்சரம்மா, ‘ஒரு பாட்டு பாடுங்கம்மா’ என்று ஆரம்பித்துவிடுகிறார். அவர்கள் வெட்கப்பட்டால் இவரே முதல் வரியைத் தப்பாகப் பாடுவார், அவர்கள் திருத்துவார்கள், திருத்தும்போதே முழுப் பாட்டும் வந்துவிடும். இதுவரை இருபத்திரண்டு நலங்குப் பாட்டு பதிவாகியிருக்கிறது. இறந்துபோன அம்மா முனகிய அந்த வரியில் தொடங்கும் பாட்டு இன்னும் கிடைக்கவில்லை. ஐசிபிங்கோவில் அவருடைய சித்தி மகள் ஒருவர் இருக்கிறாராம், இந்தச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.